மூன்றாம் தெரு முனையின் நாற்பத்தொரு புகார்கள்

வெர்லின் ஆஸ்ட்பி ஓய்வு பெறுகிறார், அலுவலகச் செய்தி மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார்கள். எழுதினேன். எங்கள் இயக்குநர் ராண்டல் அதில் முக்கால்வாசியை வெட்டிவிட்டுப் பிறந்த ஊர், படிப்பு, பணிக்காலம், மீன்பிடிப்பதில் விருப்பம் என்று நாலு வரியை மட்டும் விட்டுவைத்தார். இதென்ன அநியாயம் என்று கேட்டேன். "அதிகம் பேசாத ஆளுக்கு நாலு வரியே ஜாஸ்தி, ஆர்டிஸ்" என்றார். வந்த கோபத்தைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினேன். அவர் வெட்டிய முக்கால்வாசிதான் இது. மலரில் போட முடியாத சிலதையும் சேர்த்திருக்கிறேன்.

நான் ஆர்டிஸ் வுகெலிச். விமான நிலையத்து இரைச்சல் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகப் புகார்த் தொலைபேசியை எடுக்கிறவள். காலை ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் முதல் திட்டு ஆறு பத்துக்கு வரும். ஆறு பத்துக்குத்தான் சரக்கு விமானம் கிளம்பும். நாய் குலைக்கிறது, குழந்தை எழுந்துவிட்டது, அலமாரியில் தட்டு ஆடுகிறது என்று இந்த மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் திட்டுவதைக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார்கள். நான் பக்கத்து மாநிலத்துச் சுரங்க ஊரில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் நேராகவே திட்டிவிடுவார்கள், வேலை சீக்கிரம் முடியும்.

நான் எழுதி வைக்கிற புகாருக்குப் பதில் கணக்கிட்டுச் சொல்கிறவர் வெர்லின். பக்கத்து அறை, கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். எந்த விமானம், எத்தனை எடை, இறக்கை மடிப்பு எவ்வளவு இறங்கியிருந்தது, என்ஜினில் எவ்வளவு வேகம் என்று எல்லாவற்றையும் கணினிக்குள் போடுவார். அது எங்கே எவ்வளவு சத்தம் போடும், அந்தச் சத்தம் காற்றில் எப்படிப் பரவும், வழியில் நிலம் எவ்வளவை விழுங்கும் என்று கணினி ஒரு வரைபடம் தரும். வருடத்து விமானங்கள் அத்தனையையும் கூட்டி, சராசரியாக ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு கோடு விழும். அதுதான் அறுபத்தைந்து டெசிபல் கோடு. கோட்டுக்கு உள்ளே இருக்கிற வீட்டுக்கு நகரம் இலவசமாக இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுத் தரும். வெளியே இருந்தால் ஒரு கடிதம் போகும், அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் போடுகிற கை வெர்லினுடையது.

அவர் பிறந்தது மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சர்க்கரை எடுக்கிற பீட்கிழங்குப் பண்ணையில். அடுத்த வீடு இரண்டு மைல் தள்ளி. அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் வானிலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்களாம், அதுவும் மழை வருகிற மாதிரி இருந்தால். பயிருக்கு மருந்து தெளிக்க ஒரு சின்ன விமானம் கோடையில் வரும். அது வயல் மேலே வரும்போது ஒரு குரல், தாண்டிப் போகும்போது ஒரு குரல், மரவரிசைக்குப் பின்னால் போனால் வேறு குரல். ஏன் அப்படி என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். அப்பா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் மனிதர் கல்லூரிவரை போனார். இதையெல்லாம் அவர் என்னிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. இருபது வருடத்தில் சில்லறை சில்லறையாக வந்ததைச் சேர்த்துச் சொல்கிறேன்.

வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மாறும். விமானம் இறங்கும்போது என்ஜினைவிட அதன் சக்கரக் கால்தான் அதிகம் கத்தும் என்று ஒருமுறை அலுவலக விருந்தில் சொல்ல ஆரம்பித்தார். காற்று அந்தக் கம்பிகளில் மோதிச் சுழல்கிறது, அந்தச் சுழலைத்தான் நாம் கேட்கிறோம் என்று காகிதத் தட்டையும் முள்கரண்டியையும் வைத்துக் காட்டினார். எல்லாரும் மெல்ல நழுவிவிட்டார்கள். அவர் மனைவி மார்லிஸ் மட்டும் பக்கத்திலேயே நின்று, எத்தனையாவது தடவையோ, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வைத்து அவள் சுட்டுக் கொண்டுவந்த பலகாரத்தில் நான் மூன்று துண்டு தின்றேன். வாய் ஓயாமல் பேசுகிறவள், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள். இவளுக்கு இவர் எப்படிக் கிடைத்தார் என்று அன்றைக்கே நினைத்தேன்.

வெர்லினும் மார்லிஸும் குடியிருந்தது ஏரியின் விரிகுடாவுக்குக் கிழக்குக் கரையில், மூன்றாம் தெருவும் கரைச்சாலையும் சேருகிற முனையில். ஓடுபாதை மேற்குக் கரையில். நடுவே ஒரு மைல் தண்ணீர். கிழக்குக் கரைக்கு வெர்லினின் கணக்கு சொன்ன எண் அறுபத்தொன்று புள்ளி எட்டு. அதாவது கோட்டுக்கு வெளியே. ஜன்னல் கிடையாது.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஒரு அக்டோபர் காலை, ஆறு பன்னிரண்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. பெயர் எம். ஃபோர்ஸ்பர்க் என்றாள். கடிதத்துக்குத் தபால் பெட்டி எண் கொடுத்தாள். இடம் மூன்றாம் தெரு முனை என்றாள். முதல் வார்த்தையிலேயே குரல் தெரிந்துவிட்டது. ஃபோர்ஸ்பர்க் என்பது மார்லிஸின் பிறந்த வீட்டுப் பெயர்.

எங்கள் படிவத்தில் மூன்று கட்டம் இருக்கும். எதற்கு இடைஞ்சல்? தூக்கமா, பேச்சா, தொலைக்காட்சியா? நூற்றுக்கு எண்பது பேர் தூக்கம் என்பார்கள். நானும் தூக்கத்தில் குறியிடப் போனேன்.

"தூக்கம் இல்லை ஆர்டிஸ். பேச்சு."

அவளும் என்னைக் கண்டுகொண்டாள். மறைக்கவும் இல்லை. காலையில் ஆறு மணிக்கு இருவரும் சமையலறையில் காப்பி குடிப்பார்களாம். நாள் முழுக்க அவர் அவளுக்குக் கிடைப்பது அந்தக் கால்மணி நேரம்தான். "நான் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பிச்சேன். பிளேன் போச்சு. நிறுத்தினேன். அது போனதும், என்ன சொல்ல வந்தேன்னு அவர் கேட்கலை. கப்பைக் கழுவிட்டுக் குளிக்கப் போயிட்டார்" என்றாள். பிறகு, சத்தம் அதிகமாக இருக்கிறது என்று அவரிடமே சொல்லிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் அவர் ஒரு தாளை அச்செடுத்து வந்து மேசையில் வைத்திருக்கிறார். அறுபத்தொன்று புள்ளி எட்டு. இந்த அளவில் பேச்சு கெடாது மார்லிஸ், உனக்கு அப்படித் தோணுது, அவ்வளவுதான் என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார். மனிதர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குப் பலதடவை தோன்றியிருக்கிறது.

புகார் கொடுக்கிறவர் பெயரைக் கணக்குப் போடுகிறவருக்குக் காட்டக் கூடாது என்பது எங்கள் பிரிவின் விதி. முன்னொரு காலத்தில் ஒரு பொறியாளர் புகார்க்காரர் வீட்டுக்கே போய் வாசலில் நின்று வாதாடினாராம், அதிலிருந்து வந்த விதி. வெர்லினுக்குப் போவது தெரு முனையும் நேரமும் மட்டும். அவர் எண்ணையும் விமானத்தையும் எழுதித் தருவார். நான் மேலே பெயரைத் தட்டச்சு செய்து, கீழே அவர் கையெழுத்து முத்திரையைக் குத்தி, தபாலில் போடுவேன். இப்படியாக, ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிற புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்கு அரசாங்க உறையில் பதில் போயிற்று. "மதிப்பிற்குரிய புகார்தாரருக்கு, தங்கள் இல்லத்தில் கணக்கிடப்பட்ட இரைச்சல் 61.8 டெசிபல், இது வரம்புக்கு உட்பட்டது." ஐந்து வருடத்தில் நாற்பத்தொரு புகார், நாற்பத்தொரு பதில். எல்லாவற்றிலும் குறி பேச்சுக் கட்டத்தில்தான்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். விதி என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு பேர் குடும்பத்துக்குள் மூக்கை நுழைப்பானேன் என்று சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், அவள் அழைப்பது எனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை. புகார் முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் அதையும் இதையும் பேசுவாள். அவள் சொல்ல வந்து சொல்லாமல் விட்ட விஷயமெல்லாம் என் காதில் வந்து விழுந்தது. அது வெர்லினுக்குச் சேர வேண்டியது என்று தெரிந்தும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது.

வெர்லினுக்கோ, அந்த முனையிலிருந்து விடாமல் புகார் வருவதில் எரிச்சல். எதிர்வீட்டு டுவெய்ட் கிழவர்தான் வேலைவெட்டி இல்லாமல் அழைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார். பனியைத் தள்ளும்போது எதிரே பார்த்தால்கூடக் கையசைப்பதை நிறுத்திவிட்டார். பாவம் அந்தக் கிழவருக்குக் காதே கேட்காது.

நாலு வருடத்துக்கு முன்பு மே மாதம் மார்லிஸ் இரண்டு பெட்டியோடு அரிசோனாவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனாள். சண்டை இல்லை, சத்தமில்லை. தங்கச்சியைப் பார்க்கப் போயிருக்கா என்றார் வெர்லின். ஒரு வருடம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான். பிறகு நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம். மத்தியானம் அதே வான்கோழி சாண்ட்விச்சை, மெழுகுத்தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி தின்பார். குளிர்காலத்தில் உறைந்த விரிகுடாவின்மேல் சின்ன மரக்குடிசை ஒன்றை இழுத்துப் போட்டு, பனிக்கட்டியில் துளையிட்டுத் தனியாக மீன்பிடிப்பார். பிடித்த மீனில் பாதி எனக்கு வரும். ஒரு ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்பார்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கோட்டைப் புதிதாகப் போட வேண்டும். சென்ற வருடம் அந்த முறை வந்தது. இந்தத் தடவை சட்டம் புதிதாக ஒன்று கேட்டது. கணக்கு மட்டும் போதாது, இரண்டு கரையிலும் மைக் வைத்து அளந்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். மைக் வைக்கிறவள் ஜோலீன். ஏணியில் ஏறுவதற்கென்றே பிறந்தவள், ஏறிக்கொண்டே பேசுகிறவள். கிழக்குக் கரைப் பள்ளிக்கூடத்துக் கூரையில் வைத்த மைக், கணக்கைவிட நாலு டெசிபல் அதிகம் காட்டியது. மேற்குக் கரையில் வித்தியாசமே இல்லை.

மைக் சரியில்லை என்றார் வெர்லின். ஜோலீன் ஏறிச் சரிபார்த்துவிட்டு வந்தாள். மறுபடியும் நாலு. கடற்காக்கை கூடு கட்டியிருக்கும் என்றார். ஏறிப் பார்த்தாள், கூடு இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கத்தியிருக்கும் என்றார். காலை ஆறு மணிக்கு எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கத்துகிறது என்று ஜோலீன் கேட்டாள். மூன்றாவது தடவை இறங்கி வந்து ஏணியை அவர் அறை வாசலிலேயே சாய்த்து வைத்துவிட்டாள்.

"அடுத்த தடவை நீங்களே ஏறுங்க, வெர்லின். மைக்கும் சரியாத்தான் இருக்கு, நானும் சரியாத்தான் இருக்கேன். மிச்சம் இருக்கறது உங்க கணக்குதான்."

அவர் ஏறவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு சாத்தி நான் பார்த்தது அன்றுதான். கணக்கில் நிலத்தைச் சின்னச் சின்னச் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இது புல், இது தார், இது தண்ணீர் என்று ஒரு எண் கொடுத்திருப்பார்கள். புல்லும் உழுத வயலும் சத்தத்தை விழுங்கும். தண்ணீர் விழுங்காது, அப்படியே எதிர்க்கரைக்குத் தள்ளிவிடும். பதினான்கு வருடத்துக்கு முன்பு இந்தச் சதுரங்களை அவரேதான் நிரப்பினார், வானிலிருந்து எடுத்த புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து. மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினார். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் புகைப்படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

படம் மார்ச் மாதம் எடுத்தது. எல்லாம் வெள்ளை. விரிகுடா உறைந்து, மேலே பனி படிந்து, அக்கம்பக்கத்து வைக்கோல் வயல்களோடு ஒன்றாகக் கிடந்தது. வெர்லின் அதற்கும் வயல் என்றே எண் கொடுத்திருக்கிறார். வருடம் முழுக்க, பனிக்காலத்துக்கும் கோடைக்கும் சேர்த்து, ஒரு மைல் தண்ணீர் முழுக்க வயல். அவர் கணக்கில் பதினான்கு வருடமாக அந்த வயல் சத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

"இது எங்க வீட்டு வாசல், ஆர்டிஸ். நான் மீன் பிடிக்கிற இடம்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் படத்தைப் பார்த்ததும் இது ஏரி என்று சொல்லியிருப்பார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவன்கூடச் சொல்லியிருப்பான். இவர் சதுரத்தைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், எண்ணைக் கொடுத்தார். தண்ணீரைத் தண்ணீர் என்று திருத்தியதும் கிழக்குக் கரையின் எண் அறுபத்தைந்து புள்ளி நாலு ஆயிற்று. கோடு விரிகுடாவைத் தாண்டி மூன்றாம் தெருவுக்கு வந்தது.

மறைத்திருக்கலாம். புது வருடம், புதுக் கணக்கு, விமானம் கூடிப்போச்சு என்று சொல்லியிருந்தால் ஒரு பிள்ளைக்கும் தெரிந்திருக்காது. ராண்டலே ஜாடையாக அப்படிச் சொல்லிப் பார்த்தார். வெர்லின் கேட்கவில்லை. தவறு தன்னுடையது, பதினான்கு வருடத்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி மேலே அனுப்பிவிட்டார். அதற்காக அவரை நான் கும்பிடுவேன். அலுவலகத்தில் சிலர் ஏரியில் புல் முளைக்க வைத்த மனுஷன் என்று காப்பி இடைவேளையில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

தவறான எண் கொடுத்த ஒவ்வொரு கடிதத்துக்கும் திருத்தக் கடிதம் போக வேண்டும், கணக்கிட்டவர் முத்திரை குத்தாமல் கையால் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதம். பெயர்களைத் தட்டச்சு செய்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தடவை பெயர் அவர் கண்ணில் படும். மார்லிஸின் நாற்பத்தொன்றையும் கட்டின் அடியில் வைத்தேன். ஏதோ அடியில் வைத்தால் படாது என்பது மாதிரி.

அந்த வருடமே ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். பெயரைப் படிக்காமல் போட்டுக்கொண்டு போகிற ஆள் இல்லை. ஒவ்வொரு பெயரையும் படித்தார். டுவெய்ட் பெயர் வருகிறதா என்று பார்த்தார் போலிருக்கிறது. வரவில்லை. நாலு மணி சுமாருக்குப் பேனா நின்றது. நான் தலையைத் தூக்கவில்லை. அடுத்த தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த தாள். கடைசி வரைக்கும் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலுக்கு வந்தார்.

"எப்போலேந்து?"

"எட்டு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சா. போற வரைக்கும் கூப்பிட்டா."

"அவதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் வார்த்தையிலயே தெரியும், வெர்லின். சொல்லியிருக்கணும். சொல்லலை."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். எந்தக் கட்டத்தில் குறி என்று கேட்டார். பேச்சு என்றேன். நாற்பத்தொன்றுமா என்றார். நாற்பத்தொன்றும்தான் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே வாகனம் நிறுத்துமிடத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

என்னால் பொறுக்க முடியவில்லை. கடிதத்தில் அச்சடித்ததைத் தவிர ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்பதும் விதிதான். ஆனாலும் சொன்னேன்.

"ஒரு வரி எழுதுங்க. நான் காப்பி எடுக்கப் போறேன். திரும்பி வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். எதையும் நான் பார்க்கலை."

"எண் தப்புன்னு லெட்டர்லயே இருக்கே, ஆர்டிஸ். என் தப்புன்னும் போட்டிருக்கு."

"அது இல்லை நான் சொல்றது."

"தெரியுது" என்றார். "அவ புரிஞ்சுப்பா."

நான் காப்பி எடுக்கப் போனேன். இருபது நிமிடம் நின்றேன். திரும்பி வந்தபோது கடிதங்கள் விளிம்பு சேர்த்து அடுக்கியிருந்தன, அவர் அறைக்குப் போயிருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பார்க்க மாட்டேன் என்று சொன்னவள்தான். நாற்பத்தொன்றிலும் கையெழுத்து இருந்தது. வேறொன்றும் இல்லை. கையைப் பிடித்து எழுத வைத்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. தபால் பெட்டி எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு அரிசோனா முகவரியை எழுதினேன். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாழ்த்து அட்டை வரும், அதிலிருந்த முகவரி.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் நடத்தையைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் எட்டு மணிக்கு வருகிறவர் ஏழரைக்கே வந்தார். தபால்காரர் வருகிற பதினொரு மணிக்கு எனக்குப் பக்கத்தில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார். அச்சு இயந்திரத்துக்குத் தாள் போடுவார். எட்டு மாதத்துக்குச் சரக்கு இருந்தும் பேப்பர் கிளிப் போதுமா என்று கேட்பார். புதுச் சட்டை ஒன்று, மடிப்புக் கலையாமல். நான் வாயைத் திறந்தால் ஏதாவது உளறிவிடுவேன் என்று தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி, காலை ஆறு பன்னிரண்டுக்கு அவள் அழைத்தாள். அங்கே நேரம் இரண்டு மணி பின்னால். நாலு மணிக்கே எழுந்திருக்கிறாள்.

எப்படி இருக்கிறாய், அங்கே வெயில் எப்படி என்று நான்தான் வளவளத்தேன். அவள் எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். இந்த அளவுக்குக் குறைவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நாப்பத்தொரு லெட்டர் வந்துது ஆர்டிஸ். ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். எல்லாம் ஒண்ணுதான்னு அஞ்சாவதுலயே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் பிரிச்சேன். எதுலயாவது ஒரு வரி இருக்குமான்னு."

"அவருக்கு எழுத வராது மார்லிஸ். உனக்குத் தெரியாததா?"

"தெரியும். சத்தம் இருந்துது, எனக்குப் பிரமை இல்லைன்னு சொல்லிட்டாரே, அதுக்கு நன்றின்னு சொல்லு. ஆனா நான் கேட்டது சத்தத்தைப் பத்தி இல்லை. புகார் எல்லாத்தையும் மூடிடு."

புகார்தாரர் மூடச் சொன்னால் மூடிவிட வேண்டும். அதன் பிறகு அலுவலகம் அவருக்கு எதுவும் அனுப்பக் கூடாது. நாற்பத்தொன்றையும் திரையில் ஒவ்வொன்றாக மூடினேன். ஒவ்வொரு தடவையும் இது உறுதிதானா என்று கணினி கேட்டது.

எட்டு மணிக்கு வெர்லினிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு வரி இருக்குமா என்று நாற்பத்தொன்றையும் பிரித்துப் பார்த்தாளாம், பத்து நிமிஷம் கொடுத்தேனே பாவி மனுஷா என்று கத்தியே விட்டேன். ஜோலீன் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார். புதுச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மூடிட்டா... இனி பதில் அனுப்பக் கூடாது, இல்ல?"

"அலுவலகம் அனுப்பக் கூடாது. நீங்க அனுப்பலாம். போன் போடலாம். இந்தாங்க நம்பர்."

எண்ணை எழுதிய தாளை வாங்கி நாலாக மடித்தார், சாண்ட்விச் மெழுகுத்தாளை மடிப்பது மாதிரியே. சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் அழைத்தாரா என்று நான் கேட்டதில்லை. அழைத்திருக்க மாட்டார் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

இந்த வருடம் கிழக்குக் கரை வீடுகளுக்கெல்லாம் ஜன்னல் போட்டார்கள். டுவெய்ட் கிழவருக்கும் போட்டார்கள், வெர்லினின் வீட்டுக்கும் போட்டார்கள். தன் வீட்டைப் பட்டியலின் கடைசியில் வைக்கச் சொன்னாராம், செப்டம்பர் கடைசியில்தான் முறை வந்தது. தடிமனான இரட்டைக் கண்ணாடி. சாத்திவிட்டால் வெளியே இடி இடித்தாலும் கேட்காது என்று ஜன்னல் போட்டவர்கள் என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். டுவெய்ட் கிழவருக்கு வெர்லின் இப்போது கையசைக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காற்றே இல்லாத குளிர், நான் வரும்போது விரிகுடாமேல் மூடுபனி படுத்திருந்தது. ஆறு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்ததும் முதலில் கேட்டது விமானம்தான். கிளம்பி, தண்ணீரைத் தாண்டி, தலைக்கு மேலே வந்து போகிற சத்தம் முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கம் இருந்த ஆள் அது போய் அடங்கும்வரை பேசாமல் காத்திருந்தார். அந்த வீட்டின் புது ஜன்னலை யாரோ வேண்டுமென்றே திறந்து வைத்திருக்க வேண்டும்.

"ஒரு புகார் கொடுக்கணும்" என்றார் வெர்லின்.

என் வாய் வரைக்கும் என்னென்னவோ வந்தது. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கிற மாதிரியே கேட்டேன். பெயர் சொன்னார். இடம் மூன்றாம் தெருவும் கரைச்சாலையும் சேருகிற முனை என்றார். நேரம் ஆறு பத்து.

"எதுக்கு இடைஞ்சல்? தூக்கமா, பேச்சா, தொலைக்காட்சியா?"

காப்பிக் கப்பை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு கப்.

"பேச்சு" என்றார்.

அந்தக் கட்டத்தில் குறியிட்டேன். யாரோடு பேச்சு என்று எழுத எங்கள் படிவத்தில் இடம் இல்லை.